வெட்டுண்ட தலையும் விழித்த கண்ணும்: குறியீட்டிய ஓவியமும் புதுச்சேரிச் சிற்றூர்களின் அரவான் படிமமும்

ஆய்வுச் சுருக்கம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில் உருவான குறியீட்டிய ஓவியம் இருளையும் கனவையும் இறப்பையும் தன் பொருளாகக் கொண்டது. அதில் திரும்பத் திரும்ப இடம்பெறும் படிமங்களுள் ஒன்று உடலினின்று பிரிந்த தலை. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களை உள்ளடக்கிய புதுச்சேரி நாட்டுப்புறத்திலும் அதனைச் சூழ்ந்த தமிழகப் பகுதிகளிலும் வழங்கும் திரௌபதியம்மன், கூத்தாண்டவர் வழிபாடுகளிலும் வெட்டுண்ட தலையொன்று வணங்கப்படுகிறது. இவ்விரு படிமங்களையும் அருகருகே வைத்து, ‘குறியீடு’ என்னும் கலைச்சொல் தமிழில் எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: குறியீட்டியம், குஸ்தாவ் மோரோ, ஒதிலோன் ரெதோன், அரவான் களப்பலி, உள்ளுறை, கே. இராமானுஜம்.

முன்னுரை

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டரில் வில்லியனூரும், தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் பாகூரும் உள்ளன. பிரெஞ்சு ஆட்சி 1880இல் ஏற்படுத்திய உள்ளாட்சிப் பிரிவின் பெயரான ‘கொம்யூன்’ இன்றும் இவ்வூர்களின் பெயரோடு ஒட்டி நிற்கிறது. பிரெஞ்சுக் கலையைப் பற்றிய பேச்சு எழும்போது நகரின் கடற்கரைத் தெருக்களே நினைவுக்கு வருகின்றன. கொம்யூன்களின் வயல்வெளியும் திரௌபதியம்மன் கோயில் முற்றமும் அப்பேச்சில் இடம்பெறுவதில்லை. ஆனால் குறியீட்டிய ஓவியத்தின் இருண்ட படிமங்களைத் தமிழ் மாணவர்க்கு விளக்க முற்படும் ஆசிரியருக்கு மிக அணித்தான துணை அம்முற்றத்திலேயே கிடைக்கிறது. அத்துணையே வழிதவறச் செய்யவும் கூடும். இரண்டையும் காட்டுவது இக்கட்டுரையின் நோக்கம்.

‘குறியீடு’ என்னும் சொல்

குறியீட்டியம் ஓவியத்தில் தொடங்கி இலக்கியத்திற்குச் சென்ற இயக்கம் அன்று. ழான் மொரேயாஸ் 1886 செப்டம்பர் 18ஆம் நாள் ‘ல ஃபிகாரோ’ இதழில் வெளியிட்ட அறிக்கை கவிதையைப் பற்றியது. ஓவியத்திற்கு அவ்வாறான இலக்கணம் வகுத்தவர் அல்பேர் ஒரியே. பால் கோகேனைப் பற்றி 1891இல் எழுதிய கட்டுரையில், ஓவியம் கருத்தை இலக்காகக் கொள்ள வேண்டும், அக்கருத்தை வடிவங்களால் குறிக்க வேண்டும், கூறுகளைத் தொகுத்துக் காட்ட வேண்டும், பொருளைப் பொருளாகவன்றிக் காண்போன் அகத்துக்குரியதாகக் கொள்ள வேண்டும், இவை யாவற்றின் பயனாக அணிநலம் பெற வேண்டும் என்று அவர் ஐந்து தன்மைகளை எடுத்துரைத்தார். கண்முன் உள்ள ஒளியைப் பதிவுசெய்த மனப்பதிவியத்தாருக்கு எதிர்நிலையில் நின்று எழுதப்பட்ட கட்டுரை அது.

தமிழில் ‘குறியீடு’ பல பொருள் சுமக்கும் சொல். வில்லியனூர்ச் சுடுமண் கைவினைக்குப் ‘புவிசார் குறியீடு’ கிடைத்துள்ளது. அங்கே குறியீடு என்பது ஒரு பொருள் இன்ன ஊருக்குரியது என்று உறுதிசெய்யும் முத்திரை. ஒன்றைக் காட்டி ஐயமின்றி மற்றொன்றைச் சுட்டும் இப்பொருளே வகுப்பறையில் குறியீட்டிய ஓவியத்தின்மீதும் ஏற்றப்படுகிறது. கருமை இறப்பைக் குறிக்கும், பாம்பு காமத்தைக் குறிக்கும், நீர் நனவிலியைக் குறிக்கும் என்று இடப்பக்கமும் வலப்பக்கமும் நிரப்பிய பட்டியல்கள் அவ்வாறு பிறப்பவை. குறியீட்டியர் வெறுத்தது இத்தகைய பட்டியலையே. பொருளைத் தெளிவாகச் சுட்டிவிட்டால் படிமம் தன் ஆற்றலை இழந்துவிடும் என்பது அவர்கள் கொள்கை.

உள்ளுறையோடு குறியீட்டியத்தை ஒப்பிடுவது தமிழாய்வில் பழகிப்போன முறை. பயனுள்ள ஒப்பீடுதான், எனினும் ஒரு தடை உண்டு. தொல்காப்பியர் உள்ளுறைக்கு நிலைக்களனாகக் கருப்பொருள்களைக் கூறும்போது தெய்வத்தை விலக்கிவிடுகிறார். விலங்கும் புள்ளும் மரமும் மறைபொருள் தாங்கலாம், தெய்வம் தாங்காது. இவ்விலக்கிற்குக் காரணம் எதுவாயினும், அதன் விளைவு இங்கே கருதத்தக்கது. வழிபடப்படும் உருவம் வேறொன்றுக்குப் பதிலாக நிற்பதில்லை. அதுவே அங்கு இருக்கிறது. அரவான் தலையைக் ‘குறியீடு’ என்று எழுதுமுன் இதனை எண்ணிப்பார்த்தல் வேண்டும்.

மோரோவும் ரெதோனும்

குஸ்தாவ் மோரோ (1826–1898) 1876ஆம் ஆண்டுப் பாரிசு சலோன் காட்சியில் ‘தோற்றம்’ என்னும் நீர்வண்ண ஓவியத்தை வைத்தார். ஏரோது அரசன் முன் ஆடிய சலோமே, திருமுழுக்கு யோவானின் தலையைப் பரிசாகக் கேட்ட விவிலியக் கதையே அதன் பின்புலம். விவிலியத்தில் தலை தட்டில் வைத்துக் கொண்டுவரப்படுகிறது. மோரோவின் ஓவியத்தில் தட்டு இல்லை. குருதி சொட்ட, ஒளிவட்டம் கதிர்விட, தலை அரண்மனைக் கூடத்தின் நடுவெளியில் மிதக்கிறது. சலோமே கையை நீட்டி அதனை எதிர்கொள்கிறாள். அரசனும் அரசியும் கொலைஞனும் தத்தம் இடத்தில் அசைவற்றிருக்கின்றனர். அவர்கள் அதனைக் காண்பதாகத் தெரியவில்லை. கொலை முடிந்துவிட்டதா, இனித்தான் நிகழவிருக்கிறதா, அவள் காண்பது ஆவியா, குற்ற உணர்வா, ஆசையா என்ற எந்த வினாவுக்கும் ஓவியம் விடை தருவதில்லை. உய்ஸ்மான் 1884இல் வெளியிட்ட ‘ஆ ரெபூர்’ நாவலின் நாயகன் மோரோவின் சலோமே ஓவியங்கள் முன் பொழுதைக் கழிப்பவனாகப் படைக்கப்பட்டுள்ளான். அந்நாவல் வழியே இவ்வோவியம் ஓர் இளந்தலைமுறையின் கனவுக்குள் புகுந்தது.

தலையின்பால் மோரோவுக்கிருந்த ஈடுபாடு இதற்கும் முற்பட்டது. 1865இல் வரைந்த ‘ஓர்ஃபே’ ஓவியத்தில் திராசிய நாட்டுப் பெண்ணொருத்தி, கொல்லப்பட்ட பாணனின் தலையை அவன் யாழ்மீது கிடத்தி ஏந்தி நிற்கிறாள். அவள் முகமும் தலையின் முகமும் ஒன்றையொன்று நோக்கியவை போல இணைகின்றன. பெல்ஜிய ஓவியர் ழான் தெல்வில் 1893இல் அதே தலையை யாழோடு நீரில் மிதக்கவிட்டார்.

ஒதிலோன் ரெதோன் (1840–1916) மோரோவைப்போல் அணிகலன்களால் கூடத்தை நிரப்பியவர் அல்லர். முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் அவர் பெரிதும் கரியிலும் கல்லச்சிலுமே படைத்தார். அப்படைப்புகளுக்கு அவர் இட்ட பெயரே ‘கருமைகள்’ என்பதுதான். 1877இல் கரியால் வரைந்த ஒரு படத்தில் சான்றுயிர் நீத்தவனின் தலை ஒரு கிண்ணத்தில் வைக்கப்பட்டுள்ளது. 1879இல் வந்த ‘கனவில்’ என்னும் தொகுப்பு 10 கல்லச்சுப் படங்களைக் கொண்டது. எட்கர் போவுக்குப் படைத்த 1882ஆம் ஆண்டுத் தொகுப்பில், மேல்நோக்கி விழித்த பெருங்கண்ணொன்று காற்றுக்கூண்டாகி, கீழே ஒரு தட்டில் தலையைச் சுமந்துகொண்டு கடல்மேல் எழுகிறது. இப்படங்களின் விந்தை கட்டற்ற கற்பனையால் மட்டும் வந்ததன்று. தாவரவியலர் அர்மான் கிளவோவிடம் நுண்ணோக்கியின் உலகைக் கற்றவர் ரெதோன். ரொதோல்ஃப் பிரெதேனிடம் செதுக்கச்சின் நுட்பம் கற்றவர். இயற்கையில் உள்ள உறுப்புகளை உள்ளவாறே வரைந்து, அவை சேர முடியாத வகையில் சேர்த்தார். உறுப்பு மெய், சேர்க்கை கனவு.

கருமை இங்கே ஒளியின்மை அன்று என்பதும் கருதத்தக்கது. கரியைத் தாளில் அப்பி, பின் துடைத்தும் சுரண்டியும் ஒளியை வெளிக்கொணர்வது ரெதோனின் முறை. இருள் முதலில் வருகிறது. உருவம் அதிலிருந்து மீட்கப்படுகிறது. இத்தொழில்முறையை அறியாமல் ‘கருமை இறப்பைக் குறிக்கிறது’ என்று எழுதுவது, படத்தைப் பார்க்காமலே எழுதுவதாகும்.

களப்பலி

வடமொழிப் பாரதத்தில் இராவான், அருச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். போரின் எட்டாம் நாளில் அலம்புசனால் கொல்லப்படுபவன். அவனைப் போருக்குமுன் காளிக்குப் பலியாக்குவது தமிழ் மரபு. ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரத வெண்பாவிலேயே இச்செய்தி உள்ளது. வில்லிபுத்தூரார் பாரதம் அதனை விரிவாக்கியது. தெருக்கூத்தில் இரவு முழுதும் ஆடப்படும் கதையாக அது வளர்ந்தது. நூல்கள் ‘களப்பலி’ என்று எழுத, கூத்து மேடையில் அது ‘கடபலி’ என்றே வழங்குகிறது.

குற்றமற்ற 32 இலக்கணங்களும் பொருந்திய ஒருவனே பலிக்குரியவன். கண்ணனுக்கும் அருச்சுனனுக்கும் அவை உண்டு. அவர்களை இழக்க இயலாது. எஞ்சியவன் அரவான். சாகச் சம்மதிக்கும் அவன் கேட்கும் வரம் போரைக் காண வேண்டும் என்பது. வெட்டுண்ட தலை 18 நாள் போரையும் விழித்திருந்து காண்கிறது. கூத்தாண்டவர் வழிபாட்டில் மற்றொரு வரமும் சேர்கிறது: மணமாகாதவனாய் இறக்கக் கூடாது என்பதால், கண்ணனே மோகினியாகி ஓரிரவு அவனை மணந்து மறுநாள் கைம்மை ஏற்கிறான். கூவாகத்தில் சித்திரை முழுநிலவை ஒட்டி நிகழும் விழா உலகறிந்தது. புதுச்சேரியையடுத்த பிள்ளையார்குப்பத்திலும் கூத்தாண்டவருக்குத் தாலி கட்டும் சடங்கு உண்டு. ஆல்ஃப் ஹில்ட்டெபைட்டலின் திரௌபதி வழிபாட்டு ஆய்வு நூல்கள் (1988, 1991) இம்மரபைச் செஞ்சியை மையமாக வைத்து ஆராய்ந்தவை. புதுச்சேரிச் சிற்றூர்கள் செஞ்சிப் பண்பாட்டு வட்டத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்தவை. கடல்கடந்து சென்றோர் இத்தலையையும் கொண்டுசென்றனர். சிங்கப்பூர் மாரியம்மன் கோயிலில் அதனைக் காணலாம்.

தலைப்பலி இப்பகுதிக்குப் புதிய கற்பனையும் அன்று. மாமல்லபுரத்தின் திரௌபதி இரதத்துள் கொற்றவையின் காலடியில் மண்டியிட்ட ஒருவன் தன் தலையை அரியும் நிலையில் செதுக்கப்பட்டுள்ளான். கலிங்கத்துப்பரணியின் காளிகோயில் பகுதியில் அறுபட்ட தலைகள் தேவியைப் பரவுகின்றன. ரெதோனுக்கு ஏழு நூற்றாண்டுகள் முன்பே எழுதப்பட்ட அப்பகுதியைக் கனவுப்படிமம் என்று கூறத் தோன்றும். ஆனால் செயங்கொண்டார் அதனை யாருடைய கனவாகவும் கூறவில்லை. கோயிலின் இயல்பான நடைமுறைபோல வருணித்துச் செல்கிறார். அதனால்தான் அது இன்னும் அச்சமூட்டுகிறது.

திரௌபதியம்மன் விழாவின் படுகளமும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கத்தக்கது. கோயிலுக்கு வெளியே திறந்தவெளியில் மண்ணைக் குவித்துத் துரியோதனனின் பேருருவம் மல்லாந்து கிடக்குமாறு வனையப்படுகிறது. வீமன் வேடமிட்ட கூத்தர் அதன் தொடையைத் தாக்க, விரித்த கூந்தலை அம்மன் முடிக்கிறாள். பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்தபோது 1912இல் வெளிவந்த ‘பாஞ்சாலி சபதம்’ முதற்பாகத்தின் நாயகி, அந்நகரைச் சூழ்ந்த ஊர்களில் ஆண்டுதோறும் சபதம் முடித்துவந்தவளே. மண்ணுருவம் விழா முடிந்ததும் மீண்டும் மண்ணாகிறது. எந்த அருங்காட்சியகத்திலும் அதற்கு இடமில்லை. எனவே கலை வரலாற்றிலும் இடமில்லாமற் போயிற்று.

மூடிய கண்ணும் திறந்த கண்ணும்

இரு மரபுகளின் தலைகளையும் பிரித்தறியக் கண்ணே போதுமான சான்று. 1890இல் ரெதோன் வரைந்த ‘மூடிய கண்கள்’ ஓவியத்தில், நீர்ப்பரப்பின்மேல் தோள்வரை தெரியும் முகம் இமைகளை மூடியுள்ளது. இவ்வோவியத்தையொட்டியே அவர் கருமையிலிருந்து வண்ணத்துக்குத் திரும்பினார். மூடிய இமை, உலகம் உள்ளே இருக்கிறது என்று அறிவிக்கிறது. ஓர்ஃபேயின் தலையும் கண்மூடியதே. குறியீட்டியத்தின் கனவு, புறவுலகைக் காண மறுத்தவனின் கனவு. தொழிற்சாலையும் செய்தித்தாளும் நிறைந்த பாரிசுக்கு முதுகு காட்டி நின்றவர்கள் அவர்கள்.

அரவான் தலையோ கண்ணை மூடுவதே இல்லை. முறுக்கிய மீசை, நெற்றியில் நாமம், முடிமேல் தாய்வழி உறவைக் காட்டும் நாகபடம் ஆகியவற்றோடு, முகத்தின் பெரும்பகுதியை ஆள்வது அகன்ற விழிகள். அவன் கேட்ட வரமே காண்பது. மோரோவின் ஓவியத்தில் தலையை ஒருத்தி மட்டும் காண்கிறாள். அரவான் மரபில் தலை எல்லோரையும் காண்கிறது. முன்னதில் தலை காட்சிப்பொருள், பின்னதில் சாட்சி. இராசத்தானத்துக் காட்டு சியாம் வழிபாட்டின் பர்பரீகனும் இவ்வாறே வெட்டுண்ட தலையாக இருந்து போரைக் கண்டவன். வென்றவர் யார் என்று கேட்கப்பட்டபோது களமெங்கும் கண்ணனின் ஆழியை மட்டுமே கண்டதாகக் கூறியவன். சாட்சி சொல்லும் தலை என்னும் எண்ணம் பாரதத்தின் பல நாட்டார் வழக்குகளுக்குப் பொதுவானது.

இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் அரவான் தலையைக் ‘கிராமத்துக் குறியீட்டியம்’ என்றோ ‘நாட்டார் சர்ரியலிசம்’ என்றோ அழைப்பது ஒரு பாராட்டுப்போலத் தோன்றலாம். உண்மையில் அது இழப்பு. விழாவன்று தாலி கட்டிக்கொண்டு மறுநாள் அறுத்து, வளையுடைத்து, வெள்ளுடுத்து அழும் திருநங்கையர்க்குக் கூத்தாண்டவர் எதனுடைய உருவகமும் அல்லர், கணவர். ஒரு நாள் மணம், ஒரு நாள் கைம்மை என்பதைத் தம் வாழ்வின் உண்மையாக ஏற்பவர் முன் ‘குறியீடு’ என்னும் சொல் நாகரிகமற்றதாகிவிடுகிறது. சலோமேயின் துயரத்தில் பங்குகொள்ள அருங்காட்சியகப் பார்வையாளரை யாரும் அழைப்பதில்லை.

பாரிசிலிருந்து வந்த வழி

கீழைநாடு குறியீட்டியர்க்குக் கனவுச் சரக்கறையாகப் பயன்பட்டது என்பதும் மறக்கத்தக்கதன்று. மோரோ இந்தியாவுக்கு வந்தவர் அல்லர். எனினும் அவருடைய ‘பேரலெக்சாந்தரின் வெற்றி’ ஓவியம் இந்தியக் கோயில்களையும் மலைகளையும் ஒன்றாகக் குழைத்த ஒரு நிலக்காட்சியில் அமைந்தது. அச்சுப்படங்களிலிருந்து திரட்டிய அணிகளைக் கொண்டே அவர் தம் அரண்மனைகளைக் கட்டினார். எங்கோ ஓர் ஊரின் வழிபடு பொருள் இன்னோர் ஊரில் கனவின் அலங்காரமாவது இவ்வாறுதான்.

மோரோ 1892 முதல் இறக்கும்வரை பாரிசுக் கவின்கலைப் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். மத்தீசும் ருவோவும் அவர் மாணவர்கள். அம்மாணவர்களுள் ஆன்றி மொரிசேயும் ஒருவர். அவர் 1897இல் மணந்த மீரா அல்ஃபாஸாவே பின்னாளில் அரவிந்தர் ஆசிரமத்தின் ‘அன்னை’. அகாதெமி ழுலியானில் ஓவியம் பயின்ற அவரது படைப்புகள் 1903 முதல் 1905 வரை பாரிசு தேசியக் கவின்கலைச் சங்கத்தின் காட்சிகளில் இடம்பெற்றன. 1914 மார்ச் 29இல் அவர் முதன்முறையாகப் புதுச்சேரிக்கு வந்தார். இவ்வுறவைக்கொண்டு மோரோவின் செல்வாக்கு புதுச்சேரியை வந்தடைந்தது என்று எழுதிவிட ஆவல் எழும். அதற்கு இடமில்லை. அவருடைய பாரிசுக்கால ஓவியங்கள் பெரும்பாலும் வீட்டு அகக்காட்சிகளும் முகவோவியங்களுமே. மிதக்கும் தலைகள் அவற்றில் இல்லை. மோரோவின் மாணவர் குடும்பம் வரை நீண்ட ஒரு கோடு கடற்கரைத் தெருவில் முடிகிறது. சில கல் தொலைவில், அதனை அறியாமலும் அதனால் அறியப்படாமலும், அரவான் தலை விழித்திருந்தது. செல்வாக்கு இல்லாத இடத்தில்தான் ஒப்பீடு நேர்மையாக நிகழ முடியும்.

இராமானுஜத்தின் கனவு

தற்காலத் தமிழ் ஓவியத்தில் இருண்ட கனவுப்படிமங்களுக்குரியவராக முதலில் குறிப்பிடத்தக்கவர் கே. இராமானுஜம். சென்னைக் கலைக்கல்லூரியில் கே.சி.எஸ். பணிக்கரின் அரவணைப்பில் வளர்ந்து, பணிக்கர் முன்னின்று 1966இல் தொடங்கிய சோழமண்டலத்தில் வாழ்ந்து, 1973இல் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். பணிக்கர் அப்போது ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை வரைந்துகொண்டிருந்தார். படிக்க இயலாத எழுத்துகளும் கணக்குகளும் நிறைந்த அவ்வோவியங்களில் குறியீடு எதனையும் சுட்டாத வெறும் குறியாகவே நிற்கிறது. ஆசிரியர் குறியிலிருந்து பொருளை வெளியேற்றிய அதே ஊரில் மாணவர் நேர்மாறாகச் சென்றார். மையின் நுண்கோடுகளால் நெருக்கிப் பின்னிய அவருடைய படங்களில் மாடமாளிகைகள், பாம்புகள், பறக்கும் உருவங்கள், பெயரிட முடியாத விலங்குகள் ஆகியவை இடைவெளியின்றி நிரம்புகின்றன.

இப்படங்களைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவருடைய தனிமையிலிருந்தும் உளநோயிலிருந்தும் தொடங்கி இறப்பில் முடிக்கின்றனர். கனவு நோயின் அறிகுறியாகிவிடுகிறது. மோரோ இருள் வரைந்தால் கொள்கை, இராமானுஜம் வரைந்தால் நோய் என்று கொள்வதற்கு நெறிமுறை எதுவும் இல்லை. ரெதோனும் தம் குழந்தைப்பருவத் தனிமையைப் பற்றி எழுதியவரே. எனினும் அவருடைய கருமையை யாரும் மருத்துவக் குறிப்பாகப் படிப்பதில்லை. இராமானுஜத்தின் கோடு தடுமாறுவதில்லை. மாளிகைத் தூண்கள் நிமிர்ந்து நிற்கின்றன. கொடிகளும் செதில்களும் கோயில் விதானச் செதுக்கலின் பொறுமையோடு அடுக்கப்பட்டுள்ளன. அச்சமூட்டும் உலகை அவ்வளவு ஒழுங்காக வரைய நீண்ட நேரம் விழித்திருக்க வேண்டும்.

அவர் படங்கள் பலவற்றில் தொப்பியணிந்த ஒரு சிறு மனிதன் வருகிறான். அது ஓவியரே. பெருவிலங்குகளுக்கும் மாளிகைகளுக்கும் நடுவே அவன் அரசனாகவும் விருந்தினனாகவும் உலவுகிறான். ரெதோனின் முகங்களைப்போல் அவன் கனவுக்குள் இமைமூடிக் கிடப்பதில்லை. தன் கனவைத் தானே நின்று காண்கிறான். குறியீட்டியத்தின் வரையறைக்குள் அவனை முழுதாக அடக்க முடியாததற்கும், களத்தின் ஓரத்தில் வைக்கப்பட்ட அந்தத் தலையை அவன் அருகில் வைத்துப் பார்க்கத் தோன்றுவதற்கும் அவனுடைய திறந்த கண்களே காரணம்.